மோந்து பார்க்கும் மெர்சி

எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் மெர்சி முதலில் மோந்து பார்க்கிறார். செல்ஃப் மோட்டார், ஹாரன், கருகிய ஒயர், எதுவானாலும் மூக்குக்குப் போன பிறகுதான் மீட்டருக்குப் போகும். "காயிலு கருகுனா ஒரு வாசம், வார்னிசு கருகுனா ஒரு வாசமுங்க. மூக்கே சொல்லிப்போடும்" என்பார். கணபதி ஏரியாவில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கம்பெனியில் பதினோரு வருஷம் இருந்தவர். சேலைக்கு மேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டை. அதன் பையில் இன்சுலேஷன் டேப்பும் நாலு ஏலக்காயும் இருக்கும். டெஸ்டர் கொண்டையில் செருகியிருக்கும். அதைக் கடை முழுக்கத் தேடிவிட்டுத் தலையைத் தொட்டுப் பார்த்துச் சிரிப்பார்.

காரமடையில், மேட்டுப்பாளையம் ரோட்டோரம் கடை. பலகையில் 'ஆல்வின் ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ்' என்று இருக்கிறது. ஆல்வின் அவருடைய கணவர். லேத் பட்டறைக்குப் போகிறவர். கடைக்குப் பெயர் கொடுத்ததோடு சரி. ஆனாலும் வருகிறவர்கள் "ஆல்வின் இல்லீங்களா?" என்றுதான் கேட்பார்கள். "அவுரு இல்லீங்க. வண்டி வந்திருக்குதுங்களா?" என்று மெர்சி திருப்பிக் கேட்பார். போன வருஷம், தொண்ணூற்றெட்டில், நானும் அப்படிக் கேட்டு அப்படியே பதில் வாங்கியவன்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன். கார்புரேட்டர் இல்லாமல், கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து ஊற்றுகிற புது மாதிரிக் காரை எங்கள் தெருவில் முதலில் வாங்கியவன். அதைப் பற்றித் தெருவுக்கு நான் நடத்திய பாடம், பள்ளிக்கூடத்தில் நடத்தியதைவிட அதிகம். அந்தக் கார் ஆயுத பூஜை முடிந்த வாரமே கறுப்புப் புகை விட ஆரம்பித்தது. பின்னால் வருகிற சைக்கிள்காரர்கள் என் பெயரைச் சொல்லியே திட்டினார்கள்.

"இந்த மாதிரி வண்டிய இதுக்கு முன்னால தொட்டதில்லீங்க சார். ஆனா பாக்கோணும்" என்றார் மெர்சி. அன்று அவருக்கு அது வெறும் ரிப்பேர் அல்ல. மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் டாக்சிக்காரர்கள் ஒவ்வொருவராக இதே மாதிரி வண்டிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான சென்னகிருஷ்ணன், வாங்கி இரண்டே மாதமான தன் வண்டிக்கு ஹாரன் மாட்டக் கடைக்கு வந்திருந்தார். என்னுடையதும் அவருடையதும் ஒரே மாடல். பொம்பளை கையில் கம்ப்யூட்டர் வண்டி என்ன ஆகிறதென்று பார்க்க அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இதுல கோட்டை உட்டன்னா ஸ்டாண்டுக்காரரு ஒருத்தரும் வர மாட்டாங்க சார். மறுபடி காயிலு சுத்தத்தான் போவோணும்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார் மெர்சி.

பிறகு முக்கியமான கேள்வியைக் கேட்டார். "ஏனுங் சார், பானெட்டுக்குள்ள ஆராச்சும் கை வெச்சாங்களா?"

"ஒருத்தரும் இல்லை" என்றேன்.

"ஏர்ஃபில்டர் டப்பாவ?"

"தொறந்ததே இல்லை."

இதைச் சொன்ன தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியவில்லை. அவர் நம்பினார். பிளக்கைக் கழற்றினார், கரி படிந்திருந்தது. பெட்ரோல் டியூப் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தார், கசிவு இல்லை. இரண்டரை மணி நேரம் போனது. சென்னகிருஷ்ணன் இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். வேர்வையில் மெர்சியின் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. நான் டீ சொல்லி அனுப்பினேன்.

"இது குளுருக்குச் சோக்கு இழுத்துப் பெட்ரோல் சேத்தி உடற பழைய வண்டியாட்டப் பொகை உடுதுங்க" என்றார் திடீரென்று. "இதுல சோக்கு கெடையாது. அப்ப கம்ப்யூட்டருகிட்ட ஆரோ குளுருதுன்னு போய்ச் சொல்றாங்க."

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது ஏர்ஃபில்டர் டப்பாவில் செருகியிருந்த சுண்டுவிரல் அளவு சென்சாரில் முடிந்தது. உள்ளே போகிற காற்று சூடா குளிரா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். மீட்டரை வைத்தால் பதினெட்டாயிரம் ஓம்ஸ். விரலால் தட்டினால் பதினோராயிரம், மறுபடி தட்டினால் இருபத்தையாயிரம். ஆனால் சரியான அளவு எவ்வளவென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"அண்ணா, உங்க வண்டிலயும் ஒரு தரம் மீட்டர் வெச்சுப் பாத்துக்கட்டுங்களா?"

சென்னகிருஷ்ணன் எழுந்தேவிட்டார். "அம்மணி, இன்னும் டியூ கட்டீட்டிருக்கற வண்டி!"

"தொட்ட எடம் தெரியாம திருப்பி மாட்டிப்போடறனுங்ணா."

சொல்லிவிட்டுத் தன் கையாலேயே பானெட்டைத் திறந்துவிட்டார். அவருடைய சென்சார் இரண்டாயிரத்துச் சொச்சம் காட்டியது. மெர்சி அதைக் கழற்றி, எனக்கு வந்த டீயை என்னைக் கேட்காமலே வாங்கி, ஆவியில் காட்டினார். எண் மளமளவென்று இறங்கி அறுநூறுக்கு வந்தது.

இங்கேதான் என் இருபத்திரண்டு வருஷ அனுபவம் பேசியது. "சூடு ஏறினால் மின்தடை ஏற வேண்டும். இது இறங்குகிறது. கோளாறு இவர் வண்டியில்தான்!" என்றேன், கரும்பலகை முன்னால் நிற்கிற குரலில். சென்னகிருஷ்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

மெர்சி என்னையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "காயில்ல நீங்க சொல்றாப்பலதானுங் சார், சூட்டுக்கு ஏறும். இது வேற சாதியாட்ட இருக்குது. ஆனா அவுரு வண்டி பொகை உடலீங்களே, உங்குளுதுதான உடுது?"

சூட்டுக்கு மின்தடை இறங்குகிற பொருள்களும் உண்டு என்று நானே பன்னிரண்டாம் வகுப்புக்கு நடத்தியிருக்கிறேன் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

மெர்சி என் வண்டியின் சென்சாரைக் கழற்றினார். முனையில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கட்டியிருந்தது. அதன் மேல் ஒரு சிவப்புப் புள்ளி. வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தார். தினமும் காலையில் ஜவ்வாது கலந்து நான் இட்டுக்கொள்கிற சந்தனம் அங்கே அமைதியாக மணந்துகொண்டிருந்தது.

ஆயுத பூஜையன்று நடந்தது இதுதான். பானெட்டைத் திறந்து கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தன குங்குமப் பொட்டு வைத்தேன். ஏர்ஃபில்டர் டப்பாவையும் திறந்து பார்த்தால், உள்ளே மிளகு அளவில் ஒன்று பாவமாகத் தெரிந்தது. அதை மட்டும் விடுவானேன் என்று கட்டைவிரலால் பக்தியோடு அழுத்தி வைத்தேன். முடி போன்ற அதன் கம்பி அப்போதே விட்டுப்போயிருக்கிறது. முறிந்த இரண்டு நுனிக்கும் நடுவில் சந்தனம் காய்ந்து உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து என் கார் பனிமலையில் ஓடுவதாக நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் குடித்திருக்கிறது.

"என்ன அம்மணி கம்ப்ளெய்ன்ட்டு?" என்று சென்னகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார்.

மெர்சி சந்தனத்தைச் சட்டை நுனியில் துடைத்துவிட்டிருந்தார். "கம்பி உட்டுப்போச்சுங்ணா. குலுங்கறதுல ஆகறதுதான்."

அவருடைய இரண்டரை மணி நேரத்தைத் தின்றவன் நான். அவரோ என் மானத்தைக் காப்பாற்றினார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் குலுங்குவதில் ஆவதுதான் என்று நானும் தலையாட்டினேன்.

காயில் சுற்றிய விரல்கள் அந்த முடிக் கம்பியைப் பற்றவைக்கக் கால் மணி நேரம் ஆனது. ஆவியில் காட்டினார், எண் இறங்கியது. இரண்டு சென்சாரையும் அதனதன் வண்டியில் மாட்டி, என் வண்டியை ஸ்டார்ட் செய்தார், புகை இல்லை. சென்னகிருஷ்ணன் குனிந்து சைலன்சர் வாயில் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது. ஹாரன் மாட்டச் சொல்லித் தன் வண்டிச் சாவியை மெர்சியின் மேசை மேல் வைத்தார். இப்போது ஸ்டாண்டில் பாதி வண்டிகள் இங்கேதான் வருகின்றன. வருகிறவர்கள் ஆல்வினைக் கேட்பதில்லை.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு வண்டியோடு மெர்சி கடைக்குப் போனேன். மெர்சி சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்தான், ஆனால் அன்றைக்குக் கடைக்கு வருகிற யாரையும் பொரி கொடுக்காமல் அனுப்பமாட்டார். நான் பானெட்டைத் தூக்கி, சந்தனக் கிண்ணத்தைத் திறந்தேன். மெர்சி பொரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தார். பானெட்டை இறக்கி மூடினார். கிண்ணத்தில் விரலைத் தொட்டு, மூடிய பானெட்டின் மேல் ஒரே ஒரு பொட்டு வைத்தார். பிறகு, கிண்ணத்தை நான் மூடிப் பைக்குள் வைத்து முடிக்கும்வரை, பானெட்டின் மேல் வைத்த இடது கையை எடுக்கவேயில்லை.