பால் நிறுத்திய அவசரம்

சொற்போரில் எவருக்கும் இளைக்காத நான், என் அக்காளின் மாமியாரிடம் தோற்றேன்.

திருச்செங்கோட்டில் வாழும் அக்காள், பிரசவத்திற்குப் பின் ஒருமுறை வீட்டுக்கு விலக்கானாள். பிறகு மாதக்கணக்கில் ஆகவில்லை.

"மறுக்கா முழுகாம இருக்கறா. மாசமா இருக்கறவ பாலு கொழந்தைக்கு ஆகாது. மேடையில பேசற புள்ளைக்கு இதெல்லாம் தெரியுமாக்கும்?" என்ற மாமியார், அக்காளின் மார்பில் வேப்பெண்ணெய் தடவிப் பாலை நிறுத்தினார்.

தாய்ப்பாலுக்குப் பதிலாகப் புகட்டிய ஆட்டுப்பாலைக் கக்கிய குழந்தை துவண்டது. அஞ்சிய நாங்கள் அனைவரும் சேலத்து லேடி டாக்டரிடம் ஓடினோம்.

அவர் பரிசோதித்து, "கர்ப்பமில்லை. பாலூட்டுங் காலத்தில் விலக்கு முன்பின்னாக வரும், வராமலும் இருக்கும். முதலில் பால் கொடம்மா" என்றார்.

அக்காள் மார்பைக் கழுவிப் பாலூட்ட, அங்கேயே குழந்தை பசியாறியது. "குடி சாமி, என்ற தங்கமே" என்று மாமியார் விம்மினார்.

இன்று மாதர் கூட்டங்களில், விலக்குத் தவறினால் பாலை நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள் என்று உரக்கச் சொல்லிய பின்னரே ஏனையவற்றைப் பேசுகிறேன். முகஞ்சுளிப்போர் சுளிக்கட்டும்.