ஒப்புதல் பெற்ற காற்று

அந்தத் தாளை அவர் எடுக்கும் விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கோரிப்பாளையம் சந்திப்பைப் பார்த்த ஒரு வீட்டின் மொட்டைமாடி. அங்கே ஆள் உயரத்தில், தகரத் தொப்பி போட்ட பெட்டிபோல ஒரு காற்று அளக்கும் இயந்திரம். எங்கள் இன்ஜினியர் சார் அதன் மூடியைத் தூக்கி, மூலைத் திருகுகளைத் தளர்த்தி, சட்டத்தை விலக்கி, உள்ளே இருக்கும் தாளை ஓரத்தில் மட்டும் பிடித்து, சூடான அப்பளத்தைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்குவார். காலையில் வைத்தபோது சலவை வேட்டி நிறத்தில் இருந்த தாள். எடுக்கும்போது நடுவெல்லாம் கறுத்திருக்கும். சட்டம் அழுத்திப் பிடித்திருந்த ஓரம் மட்டும் விரல் அகலத்துக்கு வெள்ளையாகத் தங்கியிருக்கும். வெயிலில் ஒருமுறை காட்டிப் பார்ப்பார். பிறகு உறையில் போட்டு என்னிடம் நீட்டி, "பத்திரம்மா. இது ஊரோட நெஞ்சு எக்ஸ்ரே" என்பார். ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப் போயிருந்தது.

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் ஆய்வகத்தில் அந்தத் தாளை எடை போடுவது என் வேலை. இயந்திரத்தில் வைப்பதற்கு முன் ஓர் எடை, எடுத்த பின் ஓர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காற்றிலிருந்த தூசியும் புகையும். டி. கல்லுப்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து மதுரைக் காற்றை நிறுத்துச் சம்பளம் வாங்குகிறேன் என்றால் ஊரில் யாரும் நம்பவில்லை. "காத்தக்கூட எடை போடுறாகளா? அம்புட்டு வெட்டியாவா இருக்கு கவர்மெண்டு?" என்று என் பெரியப்பா கேட்டார். அன்றைக்கு அவரிடம் சண்டைக்குப் போனேன். இன்றைக்குக் கேட்டிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தர அளவைத் தாண்டிக் காற்று கெட்டுப்போன ஊர்களுக்கெல்லாம் மாநிலம் ஒரு திட்டம் தீட்டி அனுப்ப வேண்டும், டெல்லியில் ஒரு குழு அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், ஒப்புதல் வந்த பிறகுதான் எந்த வேலையும் தொடங்கலாம் என்று உத்தரவு வந்திருந்தது. மதுரைக்கான பகுதியை எழுதும் பொறுப்பு எங்கள் சாரின் தலையில் விழுந்தது. அவர் சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர். தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் எங்கேயும் சற்று உரக்கத்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும், வீட்டு மொழியில் எதையோ முணுமுணுப்பார். திட்டுகிறாரா, சாமி கும்பிடுகிறாரா என்று எங்களுக்கு விளங்காது. அந்த முணுமுணுப்பை அந்த வருடங்களில் நான் நிறையக் கேட்டேன்.

இயந்திரம் நின்ற வீடு ஒரு பாயுடையது. கீழே சைக்கிள் சாமான் கடை, நடுவில் வீடு, மேலே நாங்கள். வேறு யாரும் மாடி தர ஒப்பவில்லை. இரவும் பகலும் மாவுமில் மாதிரி இரையும் சாமானை யார் தலைக்கு மேலே வைத்துக்கொள்வார்கள்? பாய் வைத்துக்கொண்டார். அதற்குக் காரணம் இருந்தது. அவர் மனைவிக்குக் கடுமையான மூச்சு இழுப்பு. பேசும்போது ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்று, சுவரில் கை ஊன்றி, மூச்சு வாங்கிவிட்டுத்தான் மீதியைச் சொல்வார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். ஜன்னலுக்கு நேர் கீழே டவுன் பஸ்கள் என்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நிற்கும். சிம்மக்கல் மொத்தக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரிகள் அவற்றின் பின்னால் வரிசை பிடிக்கும். இந்த இடத்தை விட்டுப் போனால் ஒழிய மருந்து பாதிதான் கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடையை விட்டுவிட்டு எங்கே போவது?

"தூக்கமே இல்லாம பண்ணுதா அக்கா இந்த மிஷினு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓடட்டும்மா." சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இது சத்தம் போட்டாத்தானே மேல உள்ளவுகளுக்குக் கேக்கும்."

எங்கள் சார் பாயிடம் வாக்குக் கொடுத்திருந்தார். திட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கடையின் மரப்பெட்டி மீது உட்கார்ந்து சொன்னார். பகலில் சரக்கு லாரிகள் இந்த வழியாக வராது. பஸ் நிறுத்தத்தைப் பிரித்து ஆற்றோரம் கொஞ்சமும் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்சமுமாகத் தள்ளி வைப்பார்கள். புகை கக்கும் பழைய வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. மண் பறக்கும் சாலை ஓரத்துக்குக் கல் பதிப்பார்கள். "ஒப்புதல் வரட்டும் பாய், அடுத்த மாசமே வேலை ஆரம்பிச்சிரும்" என்றார். பாய் தேநீர் வரவழைத்தார். அரசாங்க ஆள் ஒருவர் தன் வீட்டுக்காரிக்காகத்தான் திட்டம் போடுகிறார் என்றே அவர் நம்பினார். பார்க்கப்போனால் அது பொய்யும் இல்லை. அந்த வீட்டுப் படியில் ஏறும்போதெல்லாம் சார் அந்த அம்மாள் மூச்சு வாங்கும் சத்தத்தை நின்று கேட்டுவிட்டுத்தான் மேலே போவார்.

திட்டம் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. அட்டவணைகள் புதிய மாதிரிப் படிவத்தில் இல்லையாம். மாற்றி அனுப்பினோம். மதுரை மாவட்டத்தின் காட்டுப் பரப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். கோரிப்பாளையத்தில் பஸ் நிற்பதற்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் எரிந்து விழுந்தேன். சார் அதையும் விசாரித்து எழுதினார். அடுத்து, சம்பந்தப்பட்ட எல்லாத் துறைகளின் சம்மதமும் வேண்டும் என்றார்கள். போக்குவரத்துப் போலீஸ் சொன்னால் நாங்கள் நிறுத்தத்தை மாற்றுகிறோம் என்றது பஸ் நிர்வாகம். மாநகராட்சி இடம் கொடுத்தால் நாங்கள் சொல்கிறோம் என்றது போலீஸ். பஸ் நிர்வாகம் கேட்டால் நாங்கள் இடம் தருகிறோம் என்றது மாநகராட்சி. சார் தன் பழைய ஸ்கூட்டரில் இந்த மூன்று வாசலுக்கும் செக்குமாடு மாதிரி சுற்றினார். கடைசியில் மூன்று பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்துச் சம்மதம் வாங்கிவிட்டார். அதை அவர் பெரிய வெற்றியாக நினைத்தார். நானும்தான்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னால் ஒருநாள் கேள்விகள் தீர்ந்துபோகும் என்பது அவர் நம்பிக்கை. கேட்பதற்காகவே கேட்பவர்களுக்குக் கேள்வி தீராது என்பது அவர் மூளைக்கு எட்டவே இல்லை. அவ்வளவு படித்தவருக்கு எப்படி எட்டாமல் போனது என்று நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது.

அடுத்த கேள்வி இதுதான்: அளவெடுக்கும் இடத்தில் வாகனம் தவிர வேறு புகை உண்டா? இல்லை என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் சார் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். தர்கா பக்கம் வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பெரியவர் புகைச்சட்டியும் மயில்தோகை விசிறியுமாகக் கடை கடையாக ஏறிச் சாம்பிராணி போட்டுவிட்டுப் போவார். பாய் கடைக்கும் வருவார். கல்லாப்பெட்டிக்கு, தொங்கும் டயர்களுக்கு, உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு வீச்சு வீசுவார். அந்த வாசனை சற்று நேரத்தில் பஸ் புகையில் காணாமல் போகும். சார் அதை எழுதினார். வியாழக்கிழமைகளில் சாம்பிராணிப் புகை மிகச் சிறிதளவு இருக்கலாம் என்று.

"இத எதுக்கு சார் எழுதுறீங்க? அந்தப் புகை நம்ம தராசுல தெரியக்கூடத் தெரியாது" என்றேன்.

"தெரியாதுங்கறதையும் எழுதியிருக்கேன்மா. கேட்டுட்டாங்க. இருக்கறத மறைக்கக்கூடாது."

அதைப் பிடித்துக்கொண்டார்கள். லாரிகளை விட்டார்கள், பஸ்களை விட்டார்கள், வாரத்தின் மற்ற நாட்களை விட்டார்கள். சமயச் சடங்குப் புகை கலந்த இடம் நகரத்தின் பொதுவான காற்றைக் காட்டாது, ஆகவே இயந்திரத்தை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும், பழைய அளவுகளைக் கணக்கில் கொள்ளக்கூடாது என்று பதில் வந்தது. சார் அன்று மதியம் சாப்பிடவில்லை. மேசைமேல் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வைத்துக்கொண்டு வீட்டு மொழியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. அந்த வரியை எழுத வேண்டாம் என்று கெஞ்சியவள் நான். சண்டை போட்டும் சொன்னேன். "உங்க நேர்மையால அந்தக்கா மூச்சுதான் சார் போகப்போகுது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

புதிய இடத்தை மேலேயே தேர்ந்தெடுத்தார்கள். ஊருக்கு வெளியே, சுற்றிலும் நெல்வயல், வேலியோரம் தென்னை வரிசை, நடுவில் ஓர் அரசுக் கட்டடம். அங்கே கொக்கு பறப்பதைப் பார்த்துக்கொண்டே தாள் மாற்றலாம். எடுத்த தாளைச் சார் வெயிலில் காட்டினார். வைத்த தாளுக்கும் எடுத்த தாளுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. எக்ஸ்ரே பற்றி அவர் அன்று எதுவும் சொல்லவில்லை. அளவுகளை அனுப்பும்போது, இது வயற்காட்டின் காற்று, நகரத்தின் காற்று அல்ல என்று ஒரு குறிப்பும் சேர்த்து அனுப்பினார். சாம்பிராணிக் குறிப்பை அவ்வளவு கவனமாகப் படித்த கண்கள் இதைப் படிக்கவே இல்லை.

ஒப்புதல் வந்துவிட்டது. இத்தனை காலம் நகராத கோப்பு, மை காயும் முன்பே திரும்பி வந்ததுபோல இருந்தது. மதுரைக்கான திட்டம் ஏற்கப்படுகிறது. காற்றின் தரம் அளவுக்குள் இருப்பதால் தற்போது எந்த நடவடிக்கையும் தேவையில்லை. தொடர்ந்து அளந்து வரவும். லாரி, பஸ் நிறுத்தம், பழைய வண்டி, சாலை ஓரம் எல்லாம் எழுதிய அத்தியாயம் முழுதாக நீக்கப்பட்டிருந்தது. எங்கள் மேலதிகாரி அலுவலகம் பூராவுக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். எங்கள் வட்டாரத்தில் முதலில் ஒப்புதல் பெற்ற திட்டம் நம்முடையதுதான் என்று சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சார் மைசூர்பாகைக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டார். சாப்பிட்டாரா என்று தெரியாது.

பாயிடம் ஒரு தகவல் சொல்லி அனுப்பினால் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். சார் கேட்கவில்லை. நானே போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினார், என்னையும் கூட்டிப் போனார். போகும்போது ஆய்வக அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டார். அந்த மாடியில் கடைசியாக எடுத்த தாள் அது. டாக்டரிடம் காட்ட ஒன்று கொடுங்கள் என்று அக்கா முன்பு பலமுறை கேட்டிருக்கிறார். அரசாங்கச் சான்று, கொடுக்கக்கூடாதம்மா என்று இவர் ஒவ்வொரு முறையும் மறுத்திருக்கிறார். "இனிமே இது சான்று இல்லையே, கணக்குலயே கெடையாதே" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

பாய் முழுவதையும் கேட்டார். இடையில் ஒரு வாடிக்கையாளருக்கு ட்யூப் எடுத்துக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "அங்கன காத்து நல்லாருக்குன்னா, அங்கனயே எங்களுக்கு ஒரு வீடு பாத்துச் சொல்லுங்க சார்." அவர் குரலில் கோபம் இல்லை. சார் தலையைக் குனிந்துகொண்டார். சாம்பிராணி பற்றி அவரே சொன்னார், தான் எழுதிய வரி என்று. பாய்க்கு அது புரியவே நேரம் பிடித்தது. "ஊதுன புகையா சார் தப்பு?" என்று மட்டும் கேட்டார்.

மாடிப்படியில் நின்றிருந்த அக்கா தாளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இம்புட்டா?" என்றார். மூச்சு வாங்கினார். மீதியைச் சொல்லவில்லை.

அதன்பின் சார் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார், அங்கேயே ஓய்வும் பெற்றார். நான் வயற்காட்டுத் தாள்களை எடை போட்டுக்கொண்டே என் காலத்தைத் தள்ளினேன். ஆண்டுதோறும் நாங்கள் அளவுக்குள்தான் இருந்தோம். கோரிப்பாளையம் வழியாகப் போகும்போது பஸ்ஸில் நான் ஒருபோதும் பாய் வீட்டுப் பக்கத்து ஜன்னலில் உட்கார மாட்டேன்.

அக்கா இறந்து வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. துக்கம் கேட்கப் போனேன். பாய் நரைத்துப்போயிருந்தார், கடை அப்படியே இருந்தது. வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். எதிர்ச் சுவரில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் அந்தத் தாள் மாட்டியிருந்தது. நடுவில் கறுப்பு, சுற்றிலும் விரல் அகலத்துக்கு வெள்ளை ஓரம். வேறு படம் எதுவும் அந்தச் சுவரில் இல்லை.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "நாங்க மௌத்தானவுக போட்டோவ மாட்டுறதில்ல தங்கச்சி. இது படமில்லையே. அவ வாங்குன மூச்சு. இருக்கட்டும்னு வச்சிருக்கேன். உங்க சாரு ஊருக்கு வந்தா வருவாரு. வந்து இதப் பாத்துட்டு, ஒண்ணும் பேசாம டீயக் குடிச்சுட்டுப் போயிருவாரு."

கீழே ஒரு பஸ் வந்து நின்று, என்ஜினை அணைக்காமல் உறுமியது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது, சட்டமும் சுவரில் லேசாக ஆடியது. பாய் எழுந்து போய் அதை நேராக்கிவிட்டுத் தோள் துண்டால் கண்ணாடியை ஒருமுறை அழுத்தித் துடைத்தார். பிறகு துண்டை விரித்து என்னிடம் காட்டினார். துண்டு கறுத்திருந்தது.

"காலைலதான் தொடச்சேன்" என்றார்.