ஏதென்ஸ் மலையில் அஸ்மத் பீவியின் கால்கள்

அஸ்மத் பீவியின் கால்களில் எந்தக் கோளாறும் கிடையாது. ஷார்ஜா முவைலாவில் அவள் வீடு மூன்றாம் மாடி. அந்தக் கட்டிடத்து லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் படுத்துவிடும். அவள் பத்துக் கிலோ அரிசிப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறி வந்து, மூச்சுக்கூட வாங்காமல் மருமகளைத் திட்ட ஆரம்பிப்பாள். வயது ஐம்பத்தெட்டு. புருஷன் மௌத்தாகி நாலு வருஷம் ஆகிறது.

ஆனால் ஏர்போர்ட்டுக்குள் கால் வைத்தால் அவள் நொண்டி.

அது மகன் ஃபவாஸின் ஏற்பாடு. டிக்கெட் போடும்போதே உம்மாவின் பெயருக்கு வீல்சேர் கேட்டுவிடுவான். வீல்சேருக்கு வரிசை கிடையாது. அதன் பின்னால் போகிற குடும்பத்துக்கும் வரிசை கிடையாது. வளைகுடாவில் நம் ஆட்கள் பல பேர் வீட்டு உம்மாக்கள் இப்படித்தான். விமானம் ஏறும் வரைக்கும் முடக்கு, இறங்கி வீட்டுக்கு வந்ததும் ஓட்டம். உம்ராவுக்கு மக்கா போனபோதும் இதே கதைதான். அங்கே போய் கஅபாவை ஏழு சுற்றும் அவள் தன் காலால்தான் சுற்றினாள். அல்லாஹ்வை ஏமாற்ற முடியாது, இமிக்ரேஷன்காரனை ஏமாற்றலாம் என்பது ஃபவாஸின் கணக்கு.

இந்தப் பெருநாளுக்கு ஏதென்ஸ் என்று முடிவு செய்தது மருமகள் ருமைஸா. பாகூவும் திபிலிசியும் போய்ப் படம் எடுக்காத குடும்பம் அந்தக் கட்டிடத்தில் பாக்கி இல்லை. கீழ்வீட்டுக்காரி இரண்டு தரம் போய்விட்டாள். இனி ஐரோப்பா போனால்தான் மதிப்பு.

"ஒடஞ்ச கட்டடம் பாக்கவா விசா எடுத்துப் போறீங்க?" என்றாள் அஸ்மத் பீவி. "நம்ம ஷார்ஜாவுல ரோலா பக்கம் போனா ஓசியிலயே பாக்கலாமே."

"மாமி, அது ரெண்டாயிரத்தைந்நூறு வருஷத்துப் பழசு."

"அம்புட்டு வருஷமா ரிப்பேர் பாக்கலையா?"

ஆனாலும் கிளம்பினாள். மகள் ஹிஃப்ஸாவுக்காகத்தான். அடுத்த மாதம் ஊரில் நிச்சயம். மாப்பிள்ளை ராஜிக், சவூதியில் அல் கோபாரில் வேலை. இரண்டு வீட்டாரும் பேசி, பிள்ளைகள் எட்டு மாதமாக ஃபோனில் பேசிப் பழகி, ஹிஃப்ஸாவுக்கு அவன் பெயரைச் சொன்னால் காது சிவக்கிற அளவுக்கு வந்துவிட்டது. இந்தச் சம்பந்தம் கை கூடிவிட்டால் போதும், இனி நமக்கு ஒரு வேலையும் இல்லை என்று அஸ்மத் பீவி நினைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆனபிறகு தாயும் மகளும் ஊர் வீட்டோடுதான். அப்புறம் மகளோடு இப்படிச் சுற்ற முடியுமா?

ஏதென்ஸில் இரண்டாம் நாள். நடு ஊரில் ஒரு பாறை மலை, அதன் தலையில் அந்தப் பழைய கோயில். அடிவாரத்தில் மொட்டை வெயிலில் பாம்பு மாதிரி வரிசை. ஃபவாஸ் அதைப் பார்த்தான், தன் தொப்பையையும் பார்த்தான். நடக்க முடியாதவர்களுக்கு மலைக்குப் பின்பக்கம் ஒரு லிஃப்ட் இருப்பதை முந்தின நாளே விசாரித்து வைத்திருந்தான். ஹோட்டல் வீல்சேரை டாக்ஸியில் போட்டுக் கொண்டுவந்தும் இருந்தான்.

"உக்காருங்கம்மா."

"நான் நடந்தே வாரேன். மல என்ன பெரிய மல, நம்ம வீட்டு மாடிய விடவா?"

"உம்மா, ரெண்டு மணி நேரம் மிச்சம். பத்து நிமிஷம் கால் வராத மாதிரி இருந்தா போதும்."

"சின்னதுல ஒன் பின்னால ஓடாம, அப்பவே கால் வராத மாதிரி இருந்திருக்கணும் நான்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள்.

லிஃப்ட் மேலே போனது. ருமைஸா படங்களை எடுத்துத் தள்ளினாள். அதில் ஒன்றை அப்போதே ஸ்டேட்டஸில் போட்டாள். பின்னால் வெள்ளைத் தூண்கள், நடுவில் ருமைஸா, ஓரத்தில் வீல்சேரில் முகத்தைச் சுளித்துக்கொண்டு அஸ்மத் பீவி.

கால் மணி நேரம் ஆகவில்லை, அல் கோபாரிலிருந்து ஃபோன். மாப்பிள்ளையின் உம்மா ஜுலைகா, மகனோடு அங்கேதான் இருக்கிறாள்.

"லாத்தா, ஒங்களுக்கு என்ன ஆச்சு? காலு வரலையா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

"எனக்கு என்ன, கல்லு மாதிரி இரிக்கேன்."

"வண்டியில உக்காந்திருக்கீங்களே லாத்தா. தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம ஊரு வழக்கம் ஒங்களுக்குத் தெரியாததா? மாப்பிள்ள பொண்ணு வீட்லதான் இருக்கணும். புள்ள வருஷத்துல ஒரு மாசம் லீவுல வருவான். வந்த வீட்ல மாமியாரு படுக்கையில கெடந்தா, ஹிஃப்ஸா அவனப் பாப்பாளா, ஒங்களப் பாப்பாளா? இது வழிவழியா வர்ற நோவான்னு வேற ராஜிக் வாப்பா கேக்குறாக. நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சு யோசிப்போமேன்னு..."

ஹிஃப்ஸா பக்கத்தில்தான் நின்றாள். ஸ்பீக்கரில் எல்லாம் அவளுக்கும் கேட்டது.

ஃபவாஸ் குசுகுசுத்தான். "சுளுக்குன்னு சொல்லுங்கம்மா. நாலு நாள்ல சரியாயிரும்னு சொல்லுங்க."

"காக்கா, நீ வாய மூடு" என்றாள் ஹிஃப்ஸா. அண்ணனிடம் பல வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னதுபோல் இருந்தது.

அஸ்மத் பீவி ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்து வீடியோவைப் போட்டாள். "ஜுலைகா, இந்தா பாருங்க."

"உம்மா, எந்திரிக்காதீங்க" என்று ஃபவாஸ் கெஞ்சினான். "காவலுக்கு நிக்கிறவன் பாத்துக்கிட்டே இரிக்கான்."

அவள் எழுந்தாள். புர்காவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரடுமுரடான பாறைமேல் விடுவிடுவென்று நடந்தாள். காவலாளி பதறி ஓடி வந்தான், விழுந்துவிடுவாள் என்று. முழங்கையைப் பிடித்துப் பார்த்தான். அவள் அவனையும் இழுத்துக்கொண்டு நாலு எட்டு போனாள். அவன் நின்று, திரும்பி, ஃபவாஸைப் பார்த்தான். கோபப்படவில்லை. லிஃப்ட் நடக்க முடியாதவர்களுக்கு என்றும், உங்கள் தாய்க்கு ஆண்டவன் நல்ல கால் கொடுத்திருக்கிறான் என்றும், படி அந்தப் பக்கம் என்றும் மரியாதையாகச் சொன்னான். ஃபவாஸ் வீல்சேரை மடக்கித் தோளில் தூக்கினான். வேறு வழி?

அஸ்மத் பீவி இன்னொரு மண்டபத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். ஆறு கல் பெண்கள் வரிசையாக நின்று கூரையைத் தலையில் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்க ஜுலைகா. ஆறு பொம்பளைங்க வீட்டையே தலையில சொமக்கிறாளுவ. ஒரு ஆம்பளையக் காணோம். இதப் பாக்க இங்க வரணுமா, நம்மளப் பாத்தா போதாதா?"

"அது சரி லாத்தா" என்றாள் ஜுலைகா. சிரிக்கவில்லை. "மேல சமமாத்தானே இரிக்கு. படி எறங்குவீங்களா?"

"ஃபோன வைக்காதீங்க. பாத்துக்கிட்டே இருங்க."

அந்தப் படிகள் ஊர்பட்ட ஜனம் மிதித்து மிதித்து வழுவழுவென்று ஆனவை. வாட்டசாட்டமான வெள்ளைக்காரர்களே கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அஸ்மத் பீவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மற்றக் கையில் ஜுலைகாவைப் பிடித்துக்கொண்டு, குறுக்கே நின்று படம் எடுத்தவர்களை "தள்ளு, தள்ளு" என்று தமிழில் விலக்கியபடி இறங்கினாள். எல்லாரும் தள்ளினார்கள். பின்னால் ஹிஃப்ஸா உதட்டுக்குள் ஓதிக்கொண்டே வந்தாள். அவளுக்கும் பின்னால் ஃபவாஸ், வீல்சேரைச் சுமந்து பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து எழுந்தான்.

அடிவாரத்தில் அஸ்மத் பீவி ஃபோனைச் சுற்றிக் காட்டினாள். திரையில் ஃபவாஸ் தெரிந்தான். மர நிழலில் மல்லாந்து கிடந்தான், வாய் திறந்திருந்தது.

"லாத்தா, ஒங்க மவனுக்கு என்ன? நெஞ்சு நோவா? அதுவும் வழிவழியாவா?"

இதற்கு மேல் பொய் தாங்காது என்று அஸ்மத் பீவிக்குத் தெரிந்தது. ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க மூன்றாவது, கடைசியில் மகள் கல்யாணம் ஆகாமல் கிடப்பாள். வெட்கம் போனால் போகட்டும்.

"நோவுமில்ல, காவுமில்ல. சோம்பேறித்தனம். வரிசையில நிக்க ஒடம்பு வணங்காம என்னய நொண்டியாக்கி வச்சிருக்கான். ஏர்போர்ட்டுலயும் அப்படித்தான். பெத்த உம்மாவ தள்ளுவண்டியா ஆக்கிப்புட்டு, அவன் நோகாமப் போறான். நானும் வாய மூடிக்கிட்டு உக்காந்தேன், அது என் தப்பு. இதுதான் சங்கதி. இந்தக் குடும்பம் வேணாம்னா இப்பவே சொல்லிருங்க, புள்ள மனசு இன்னும் நோக வேணாம்."

ஹிஃப்ஸா உம்மாவின் புர்கா நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"லாத்தா" என்றாள் ஜுலைகா, குரலைத் தாழ்த்தி. "ராஜிக்கும் என்னய தம்மாம் ஏர்போர்ட்டுல வண்டியிலதான் தள்ளிக்கிட்டுப் போவான். போன தடவ ரெண்டு பெட்டியும் என் மடியிலதான்."

"அப்ப ஒங்க காலு?"

"நல்லாத்தான் இரிக்கு லாத்தா. அல்லாஹ் மேல ஆண."

அஸ்மத் பீவி அடிவாரத்துக் கல்திண்டில் சாவகாசமாக உட்கார்ந்தாள். செருப்பை மாட்டினாள். மகளை அருகில் இழுத்துக்கொண்டு, அவளுக்கும் திரை தெரிகிற மாதிரி ஃபோனைப் பிடித்தாள்.

"ஆண எல்லாம் வேணாம். என் மவள நம்பிக் கொடுக்குற எடம். ஃபோன அந்த அலமாரியில சாத்தி வச்சுட்டு, வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வாங்க பாப்போம்."

அல் கோபாரில் ஜுலைகா எழுந்து நடந்தாள்.

"கொஞ்சம் வெரசா" என்றாள் அஸ்மத் பீவி.