சட்டை இறக்கம் இருபத்தைந்தரை

1. போட்டுக்கொண்டே வந்தவர்

தப்பாகத் தைத்த சட்டையை எல்லோரும் கவரில் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். சூசைராஜ் அதை உடம்பில் போட்டுக்கொண்டே வந்தார். போலகத்தில் பஸ் ஏறி, காரைக்காலில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, நெடுங்காடு ரோட்டில் இருந்த எங்கள் யூனிட் வாசல் வரைக்கும் நாலு பேர் பார்க்க அந்தச் சட்டையோடு வந்து நின்றார். வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டபோது சனிக்கிழமை காலை பதினோரு மணி.

வெள்ளைச் சட்டை. காலரும் தோளும் மட்டும் சரியாக உட்கார்ந்திருந்தன. அக்குள் தையல் விலாவில் இறங்கி நின்றது. கஃப் விரல்களை மூடியிருந்தது. பாக்கெட் வயிற்றுப் பக்கம் கிடந்தது.

"நீங்கதான் வசந்தாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"போன்ல பேசுனது நீங்கதானே? இப்பப் பாருங்க."

வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார். பேன்ட்டுக்குள் செருகியிருந்த சட்டை மொத்தமும் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தது. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை இறக்கவில்லை.

"புதன்கிழமை எம்மவளுக்குக் கல்யாணம். கோயிலுக்குக் கெளம்புறப்ப அவ நெத்தியில நான் சிலுவை போட்டுத்தான் அனுப்பணும். அவ என்னைவிட அரை அடி உசரம். கையத் தூக்காம எப்படிங்க போடுறது? அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி தொப்புளக் காட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

அப்போது எனக்குத் துணித் தொழிலில் இருபத்தாறு வருட அனுபவம். கையோடு சட்டையை இழுத்த அந்த அக்குள் தையலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2. சிவப்பு எண்

நான் அந்த யூனிட்டில் 'அளவு செக்கிங்' டேபிளில் இருந்தேன். போன வருடம்தான் வேலையை விட்டேன். இப்போது இதே மாதிரி டேபிள்களில் புதிதாக உட்காரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இனிமையாக எழுத வராது. இந்த விஷயத்தை நினைத்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வேலை இதுதான். எங்கள் வெப்சைட்டில் ஆர்டர் போடுகிறவர், தன் அளவைத் தானே எடுத்து டைப் செய்வார். கழுத்து, தோள், மார்புச் சுற்று, கை நீளம், இறக்கம். இறக்கம் என்றால் காலர் அடியிலிருந்து கீழே மடிப்பு வரைக்கும் சட்டையின் நீளம். அந்த எண்களை நான் பார்த்து, சரி என்று தட்டினால் கட்டிங்குக்குப் போகும். வெப்சைட்டின் முதல் பக்கத்தில் 'உங்கள் உடம்புக்கு மட்டுமே தைக்கப்பட்டது' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள்.

ஆனால் சிஸ்டத்தில் ஒரு மினிமம் வைத்திருந்தார்கள். இறக்கம் இருபத்தேழரை, கை இருபத்துமூன்று. அதற்குக் கீழே யார் எண் போட்டாலும் அது சிவப்பாகிவிடும். உயரம் தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஐந்தடி நாலில்தான் தொடங்கும். அதற்குக் குறைந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து 'ஐந்தடி நான்கும் அதற்குக் கீழும்' என்று ஒரே வரி. மேலே போனால் ஆறடி ஆறு வரைக்கும் இஞ்ச் இஞ்சாகத் தனித்தனி வரி இருந்தது. ஆறடி ஆறு உயரத்தில் நம் ஊரில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்? ஐந்தடிக்காரர்களை எத்தனை பேரைப் பார்க்கிறோம்? இதை யார் முடிவு செய்தது என்று மேனேஜர் பிரசன்னாவிடம் ஒருமுறை கேட்டேன். "அது டேட்டா மேடம்" என்றார்.

சிவப்பு எண் வந்தால் கஸ்டமருக்குப் போன் போட்டு, 'தப்பாக அளந்திருக்கிறீர்கள்' என்று சொல்லி எண்ணை ஏற்ற வேண்டும். சாயங்காலம் வரை அவர் எடுக்கவில்லை என்றால் சிஸ்டமே ஏற்றிவிடும். தையல் ஃப்ளோரில் இந்த ஆர்டர்களுக்குக் 'குட்டி ஐட்டம்' என்று பேர். நான் அதற்குச் சிரித்ததே இல்லை என்று எழுத ஆசைதான். சிரித்திருக்கிறேன்.

இதில் எங்கள் தொழிலின் குணமும் ஒன்று உண்டு. சந்தேகம் வந்தால் தையல்காரர்கள் அரை இஞ்ச் கூடத்தான் வைப்போம். கூட இருந்தால் பிடித்துக்கொள்ளலாம், குறைந்துபோனால் துணி போச்சு. கடையில் ஆளை நிற்கவைத்துத் தைக்கும்போது அது நல்ல பழக்கம், ஏனென்றால் ட்ரையல் பார்த்துப் பிடித்துவிடுவோம். ஆன்லைனில் ட்ரையல் கிடையாது. கூட வைத்தது கூட வைத்தபடியே பார்சலாகி அவர் வீட்டுக்குப் போய்விடும்.

3. நான் பேசிய போன்

சூசைராஜின் ஆர்டரில் இரண்டு எண்கள் சிவப்பாக இருந்தன. இறக்கம் இருபத்தைந்தரை, கை இருபதரை. போன் போட்டேன். பேசியது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"சார், இறக்கம் இருபத்தஞ்சரைன்னு போட்டிருக்கீங்க. தப்பா அளந்திட்டீங்க போல."

"இல்லம்மா. சரியாத்தான் அளந்தேன்."

"காலர் அடியிலேருந்து பிடிச்சீங்களா?"

"காலர் அடியிலேருந்துதாம்மா."

"பெரியவங்களுக்கு இவ்வளவு கம்மியா வராதுங்க சார். பையனுக்கா?"

குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: "எனக்குத்தாம்மா. நான் நாலடி பதினொண்ணு."

பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும். உயரத்தைச் சொல்லும்போது பல ஆண்கள் இப்படித்தான் குரலை இறக்குவார்கள், அதுவும் எதிர்ப்பக்கம் ஒரு பெண் பேசினால். எத்தனையோ தடவை கேட்டிருந்தும் அது என் காதில் ஏறவில்லை.

"சரிங்க சார், நாங்க பாத்துக்குறோம்" என்று வைத்துவிட்டு இருபத்தேழரை, இருபத்துமூன்று என்று டைப் செய்தேன். சிஸ்டத்தின் மேல் பழி போட முடியாது. மேனேஜருக்கு மெயில் போட்டு அனுமதி வாங்கினால், கஸ்டமர் சொன்ன எண்ணையே கட்டிங்குக்கு அனுப்ப வழி இருந்தது. நான் போடவில்லை. அந்த மனுஷனுக்கு அளக்கத் தெரியாது என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

4. ஸ்டீல் டேப்

வாசலில் சத்தம் கேட்டுப் பிரசன்னா வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "ஸாரி சார். கஸ்டமர் செல்ஃபா அளவு எடுக்கறப்ப மிஸ்டேக் வர்றது சகஜம். குடுத்துட்டுப் போங்க, பாட்டம் கட் பண்ணி, கையை ஷார்ட் பண்ணி, பதினஞ்சு நாள்ல வீட்டுக்கே அனுப்பிடுறோம்."

"புதன்கிழமை கல்யாணங்க" என்றார் சூசைராஜ்.

"ப்ராசஸ் அப்படி சார்."

அவர் பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு ஸ்டீல் டேப்பையும் கொஞ்சம் சணல் கயிற்றையும் எடுத்தார். எங்கள் டேபிளுக்கு வந்து, அந்தச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பனியனோடு நின்று கயிற்றை மார்பில் சுற்றினார், நகத்தால் கிள்ளி அடையாளம் வைத்தார், அதை டேப்பின் மேல் நீட்டிப் படித்தார். தோளுக்கு என்னைப் பிடிக்கச் சொன்னார். கை, இறக்கம், கழுத்து, எல்லாம் எடுத்து முடித்து, "உங்க கம்ப்யூட்டர்ல நான் அளந்து குடுத்தத எடுத்துப் பாருங்க" என்றார்.

பார்த்தோம். ஒன்றுகூட மாறவில்லை.

"முப்பது வருஷமா கதவு ஜன்னல் செய்யுறேன்" என்றார். "கால் இஞ்ச் தப்புனா கதவு சாத்தாது. அளக்கத் தெரியலன்னு இதுவரைக்கும் என்னை ஒருத்தன் சொன்னதில்ல. நீங்க சொல்லிட்டீங்க. அதுவும் பையனுக்கான்னு கேட்டீங்க. இத்தனை வருஷமும் நான் ஸ்கூல் யூனிஃபார்ம் அடுக்குற செல்ஃப்லதாங்க சட்டை எடுத்தேன். எம்மவதான் போன்ல ஒங்க கம்பெனி வெளம்பரத்தக் காட்டி, 'அப்பா, இவங்க உங்க அளவுக்கே தைப்பாங்க, இனிமே பசங்க சட்டை வேணாம்'னு ஆர்டர் போட்டுச்சு. அதுகிட்ட நான் போயி என்ன சொல்ல?"

பிரசன்னா சுவரைப் பார்த்தார். நான் என் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "நிமிந்து நில்லுங்கண்ணே" என்றேன்.

5. பிரவுன் பேப்பர்

கீழே வெட்டினால் சட்டை சின்னதாகிவிடும் என்று நினைப்பது சட்டை தைக்காதவர்களின் நினைப்பு. எங்கள் பிளாக், அதாவது வெட்டுவதற்கு அடிப்படையாக வைக்கும் பேப்பர் அளவு, ஐந்தடி எட்டு ஆளுக்குப் போட்டது. அதில் பாக்கெட் தோளிலிருந்து எட்டு இஞ்ச் கீழே வரும். சூசைராஜுக்கு ஆறரையில் வர வேண்டும். ஆம்ஹோல், அதாவது கையை வைத்துத் தைக்கும் வளைவு, அவருக்கு ஒன்றரை இஞ்ச் இறங்கியிருந்தது. ஆம்ஹோல் இறங்கினால் கையைத் தூக்கும்போது அது சட்டையையும் சேர்த்து இழுக்கும். கஃப்பைப் பிரித்துக் கையைக் குறைத்தால் கஃப்புக்கு மேலே பிளந்திருக்கும் ஸ்லிட் பாதி போய்விடும். குள்ளமான மனிதர் என்பவர் கால் பக்கம் வெட்டப்பட்ட உயரமான மனிதர் இல்லை. இவ்வளவு சாதாரண விஷயத்தை ஒரு கம்பெனி மொத்தமும் மறந்திருந்தது, நானும் சேர்த்துத்தான்.

பிரசன்னாவிடம் புதிதாகவே வெட்டுகிறேன் என்றேன்.

"ஒரு ஆளுக்காக பிளாக்க மாத்த முடியாது மேடம். சிஸ்டம் எடுக்காது."

"ஒரு ஆளுக்குன்னு தைக்கிறதுக்குத்தானே சார் கஸ்டம்னு பேரு? இல்லன்னா வெப்சைட்டுல போட்டிருக்கற அந்த வரிய எடுத்துடுங்க."

இத்தனை வருடத்தில் நான் மேனேஜர் முன்னால் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. "உங்க இஷ்டம். மேலேருந்து கேட்டா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு அவர் கேபினுக்குப் போனார்.

சாம்பிள் ரோலில் அதே வெள்ளைத் துணி மீதி இருந்தது. பிரவுன் பேப்பரை விரித்துக் கைப்பட வரைந்தேன். கோபத்தில் வரைந்ததால் ஒரு தப்பும் செய்தேன். ஆம்ஹோலை ஏற்ற வேண்டும் என்ற வேகத்தில் அளவுக்கு மேலே ஏற்றிவிட்டேன். திங்கட்கிழமை ட்ரையலுக்கு வந்தவர் கையைத் தூக்கினார், சட்டை நகரவில்லை, ஆனால் அக்குளில் பிடித்தது. முப்பது வருடம் இழைப்புளி தள்ளிய கை, புஜம் நல்ல கனம். கால் இஞ்ச் இறக்கிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அயர்ன் செய்து அவர் கையிலேயே கொடுத்தேன். "நாளைக்குக் காலையில நீங்க வந்து பாக்கணும்" என்றார். அதை அவர் அழைப்பாகச் சொன்னாரா, சவாலாகச் சொன்னாரா, தெரியவில்லை.

6. புதன்கிழமை

போனேன். போலகத்தில் அவர் வீட்டுக் கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். மகள் வெள்ளைப் புடவையில், தலையில் முக்காட்டு வலையோடு வந்து நின்றது. அப்பாவுக்கு எட்டட்டும் என்று பழக்கத்தில் முழங்காலை மடக்கித் தலையைக் குனிந்தது. சின்ன வயதில் அவரை மிஞ்சி வளர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான் குனிகிறது என்று பக்கத்தில் நின்ற அதன் அம்மா சொன்னார்கள்.

"குனியாதம்மா. நேரா நில்லு" என்றார் சூசைராஜ்.

அது நிமிர்ந்தது. அவர் கையை நன்றாக உயர்த்தி, கட்டைவிரலால் அதன் நெற்றியில் சிலுவை வரைந்தார். எல்லோரும் அவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவர் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டை அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

7. கம்ப்ளைன்ட் வராத சட்டைகள்

அடுத்த வாரம் எனக்கு மெமோ வந்தது, ப்ராசஸை மீறியதற்காக. பிரசன்னா ஒரு பிரிண்ட்டைக் காட்டினார். "பாருங்க மேடம், இந்த சைஸ்ல இதுவரைக்கும் ஒரு ரிட்டர்ன்கூட இல்ல. நீங்கதான் பெரிசு பண்றீங்க."

அது உண்மைதான், ஒரு ரிட்டர்ன்கூட இல்லை. உயரமானவர்கள் அரை இஞ்சுக்குச் சண்டை போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள், இவர்களில் ஒருவர்கூட அனுப்பவில்லை. அது என்னை உறுத்தியது. நான் எண்ணை ஏற்றிய ஆர்டர்களைத் தேடி எடுத்து, சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். சட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பரவால்லம்மா" என்றார்கள். "வீட்டுல போட்டுக்குறேன்" என்றார்கள். காலேஜ் வாத்தியார் ஒருவர் மட்டும் கொஞ்சம் நின்று பேசினார்.

"கையை மடிச்சு விட்டுக்குவேம்மா. எல்லாச் சட்டையும் எனக்கு அப்படித்தான்."

"ஏன் சார் திருப்பி அனுப்பல? நாங்க மாத்தித் தந்திருக்கணும்ல?"

"திருப்பி அனுப்பணும்னா, மறுபடியும் என் உயரத்த உங்ககிட்ட சொல்லணும்லம்மா."

போனை வைத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறக்காமலே டேபிளுக்குத் திரும்பினேன்.

நான் வேலையை விட்டு வரும் நாள் வரைக்கும் அந்த மினிமத்தை அவர்கள் மாற்றவில்லை. ஆனால் சிவப்பு எண் வந்தால் அதற்குப் பிறகு நான் கஸ்டமரைக் கூப்பிட்டதே இல்லை. மேனேஜருக்குத்தான் மெயில் போட்டேன்: 'கஸ்டமர் அளவு சரி. ஆம்ஹோல், பாக்கெட் சேர்த்து மாற்றி வெட்டவும்.' ஒவ்வொரு தடவையும் அதையே அனுப்பினேன். அனுமதி தராத நாளில் கேபின் வாசலில் போய் நின்றேன். தந்தார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

புதிதாக அந்த டேபிளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, இருபத்தைந்தரை என்று ஒரு எண் உங்கள் முன்னால் சிவப்பாக வரும். கை போனுக்குப் போகும். எடுக்காதீர்கள். அந்த மனிதர் தன் உயரத்தை ஒரு தடவை சொல்லிவிட்டார். இன்னொரு தடவை சொல்ல வைக்காதீர்கள்.