நடுக்கடலில் ஒரு பெரட்டு

என் பேத்தி எங்கே இருக்கிறாள் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, அவளைக் காணவில்லை என்று ஒரு கப்பல் முழுவதும் தேட வைத்தவன் நான். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தது. பதினான்கு என்று சொன்னேன். வாய் தவறிச் சொன்னதல்ல. குறைத்துச் சொன்னால்தான் வேகமாகத் தேடுவார்கள் என்று யோசித்துச் சொன்னது. வயதை மாற்றிச் சொல்லிப் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க வந்த எத்தனையோ பெற்றோரை வாசலிலேயே நிறுத்திப் புத்தி சொல்லி அனுப்பிய அதிபர் நான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கப்பல் யோசனை என் மகனுடையது. அவன் கட்டாரில் வேலை செய்கிறான். இந்த விடுமுறையில் பதுளைக்கு வந்து வீடு வீடாகத் தேநீர் குடித்துக் களைக்கப் போவதில்லை என்றும், எல்லோரும் சிங்கப்பூருக்குப் போய், அங்கிருந்து பினாங்கு வரை போய்த் திரும்பும் உல்லாசக் கப்பலில் ஏறப் போகிறோம் என்றும் அறிவித்தான். எல்லோரும் என்றால் அவன், அவன் மனைவி, நான், என் மனைவி, பேத்தி, அவளைவிட ஒரு வயது இளைய பேரன். எல்லாம் பதிவு செய்து முடிந்த பிறகு அவனுக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை.

"நீங்க போயிட்டு வாங்கப்பா. பிள்ளைங்கள கொஞ்சம் பாத்துக்கங்க" என்றான் போனில்.

அவன் சாதாரணமாகச் சொன்னான். நான் அதை மேலிடத்து நியமனமாக எடுத்துக்கொண்டேன். அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு குடும்பக் குழுவைத் தொடங்கினேன். கப்பலில் எத்தனை மணிக்கு எழுவது, எந்தத் துறைமுகத்தில் எந்த வரலாற்றை நினைவுகூர்வது என்றெல்லாம் அதில் பதிவிட்டேன். பேரன் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலைக் காட்டினான். ஒன்றையும் அவன் வாசிக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

ஊருக்கும் சொன்னேன். கேட்டவர்களுக்குச் சொன்னேன், கேட்காதவர்களை நிறுத்தியும் சொன்னேன். பெட்டி வாங்கப் போன இடத்தில் கடைக்கார முஸ்லிம் நானா விசாரித்தார்.

"கப்பல்ல போய் எங்க சேர் எறங்குவீங்க?"

"ஏறின இடத்திலயே."

"அப்ப எதுக்கு சேர் ஏறணும்?"

இதற்கு நான் ஒரு விளக்கம் கொடுத்தேன். அவர் பெட்டியின் சக்கரங்களைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

கடல் எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது மருமகளின் கவலை. பெரகல மலைப்பாதை வளைவுகளில் காலமெல்லாம் பஸ்ஸில் ஏறி இறங்கியவனைக் கடல் என்ன செய்யும் என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன்.

பேத்தி மட்டும் வர மாட்டேன் என்றாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தாள். அவள் பக்கத்து நியாயம் எனக்கு இப்போதுதான் முழுதாகத் தெரிகிறது. பதுளையில் அதிபரின் பேத்தியாக இருப்பது சிரமமான உத்தியோகம். ஊரில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவர்களைப் பெற்றவர்கள். அவள் ஹாலிஎல பஸ்ஸில் ஏறினால், இறங்குவதற்குள் எனக்கு அழைப்பு வந்துவிடும். "சேர், பேத்திய பஸ்ல கண்டேன், யன்னல் பக்கமா இருந்தா" என்பார்கள். நான் நன்றி சொல்வேன். டியூஷன் வகுப்பு பத்து நிமிடம் முந்தி முடிந்தால், அவளுக்கு முன்னால் அந்தச் செய்தி வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும்.

"கப்பல்லயும் இதேதான நடக்கும் தாத்தா? நான் எங்க இருக்கேன்னு யாரும் கேக்கக்கூடாது. அதுக்கு ஒத்துக்கிட்டா வாரேன்."

"கேக்கமாட்டோம்."

"கேக்கமாட்டேன்னு நீங்க சொல்லுங்க. மத்தவங்களப் பத்திப் பிரச்சினை இல்ல."

அவள் கையில் என் கையை வைத்து, கேட்க மாட்டேன் என்று சொன்னேன். அவள் அம்மாவும் பாட்டியும் தம்பியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மனைவியிடம் தனியாக, "கப்பல்ல எங்க போயிற முடியும், சுத்தி தண்ணிதான" என்றேன். செலவில்லாத வாக்கு என்று நினைத்துத்தான் கொடுத்தேன் என்பது இதில் தெரியும்.

ஏறிய அன்று சங்கு ஊதி எல்லாப் பயணிகளையும் தளத்தில் கூட்டினார்கள். ஆபத்து வந்தால் யார் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டி, ஒவ்வொருவராகச் சரிபார்த்தார்கள்.

"இங்கயும் பெரட்டா?" என்றாள் மனைவி.

தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் தொழிலாளரை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவதைத்தான் பெரட்டு என்போம். நாங்கள் இருவரும் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்து லய வீடுகளில் பிறந்தவர்கள். என் அப்பா கங்காணி. பெரட்டுக்களத்தில் என் அம்மாவையும் மற்றப் பெண்களோடு நிறுத்திவைத்துத்தான் பெயரைக் கூப்பிடுவார். அம்மாவும் யாரோ ஒருவருக்குச் சொல்வதுபோல "இருக்கேன்" என்பார். பிற்காலத்தில் பாடசாலையில் நான் செய்ததும் அதேதான். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு செய்தேன். கப்பலில் மற்றவர்கள் எரிச்சலோடு நின்றார்கள். எனக்கு மட்டும், இந்தக் கப்பல் நல்ல கையில் இருக்கிறது என்று மனம் நிறைந்தது.

அந்த மாலையே கடல் என்னைக் கவனித்துக்கொண்டது. எங்கள் குடும்பத்தில் வாந்தி எடுத்தவன் நான் ஒருவன்தான். பேத்தி பக்கத்திலேயே இருந்தாள். எங்கேயோ போய் இஞ்சியும் பச்சை அப்பிளும் கேட்டு வாங்கி வந்தாள்.

"கப்பல பெரகல ரோட்டுல ஓட்டியிருக்கணும் தாத்தா. உங்களுக்கு ஒத்துப்போயிருக்கும்" என்று முதுகைத் தடவினாள்.

மறுநாள் தெளிந்து எழுந்தேன். பேரன் சாப்பாட்டு மண்டபத்தில் குடியேறியிருந்தான். அவன் எங்கே என்று கேட்கும் தேவை யாருக்கும் வரவில்லை. மருமகள் கடலைப் படம் எடுத்துக் கட்டாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். மனைவி கப்பல் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, இது தேயிலை இல்லை, தொழிற்சாலையில் கூட்டி அள்ளியது என்று தீர்ப்புச் சொன்னாள். நான் உடற்பயிற்சி என்று சொல்லிக்கொண்டு தளம் தளமாகச் சுற்றி நடந்தேன். எந்த வைத்தியரும் அத்தனை சுற்று நடக்கச் சொன்னதில்லை. கேட்க மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தேன். தேட மாட்டேன் என்று சொல்லவில்லையே என்பது அப்போதைய என் வாதம்.

பின்னேரம் மேல்தளத்தின் பின்பக்கத்தில், தொட்டியில் வைத்திருந்த ஒரு பெரிய செடிக்குப் பின்னால் நின்று அவளைக் கண்டேன். நாலைந்து இளைஞர்கள் வட்டமாக உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் என்பது பேச்சில் தெரிந்தது. அவளுக்குப் பக்கத்தில் ஒரு பையன். பாட்டுக் கேட்கும் கருவியில் ஒன்று அவன் காதில், மற்றது இவள் காதில். இவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் வீட்டில் பார்த்ததில்லை. அதற்காகச் சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்கு வந்ததோ, யாராவது இதைக் கண்டு எனக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுவார்களே என்ற பயம். நடுக்கடலில், பதுளையிலிருந்து அவ்வளவு தூரத்தில், அந்தப் பயம்.

பேசாமல் திரும்பியிருக்கலாம். அல்லது பக்கத்தில் போய் நானும் உட்கார்ந்திருக்கலாம். அவளைக் கூப்பிட்டால் வாக்கை மீறியதாகிவிடும். அதனால் கப்பலைக் கொண்டு கூப்பிட வைப்பது என்று முடிவு செய்தேன். படியிறங்கும் நேரத்துக்குள்ளேயே இந்த யோசனை வந்துவிட்டது. படித்த மூளை இப்படிப்பட்ட வேலைக்குத்தான் வேகமாக ஓடுகிறது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம், என் பேரப்பிள்ளையைக் காணவில்லை என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். வயது கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. நான் எதிர்பார்த்தது அடக்கமான ஓர் அழைப்பு. ஆனால் லிஃப்ட் வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். நீச்சல் குளத்தில் இருந்தவர்களை வெளியே ஏற்றினார்கள். எல்லாத் தளங்களிலும் ஒலிபெருக்கியில் அவள் பெயரும் வயதும் உடுப்பின் நிறமும் திரும்பத் திரும்ப வந்தன. நான் வற்புறுத்திச் சேர்க்கச் சொன்ன பதுளை, அவர்கள் வாயில் 'படூலா' ஆகியிருந்தது.

முதலில் வந்தவன் பேரன், கையில் ஐஸ்கிரீமோடு.

"அக்காவ காணோமா தாத்தா? இப்பதான எனக்கு ஐஸ்கிரீம் இருக்கிற எடத்தக் காட்டினா."

"நீ சும்மா இரு."

பிறகு அவள் வந்தாள். பக்கத்தில் ஒரு காவலர். பின்னால் அவளோடு விளையாடியவர்கள், அவர்களுக்குப் பின்னால் துவாயைச் சுற்றிக்கொண்டு கப்பலில் பாதி. காவலர் அவளுடைய அட்டையை வாங்கிப் பிறந்த வருடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை உத்தியோக காலம் முழுவதும் மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன், வாங்கியது அன்றுதான்.

"தாத்தா, நீங்க செடிக்குப் பின்னால நின்னீங்க" என்றாள். சத்தம் போடவில்லை. "நான் கை காட்டினேனே. நீங்க வருவீங்கன்னு ஒக்கார ஒரு கதிரைய இழுத்து வச்சேன்."

அவள் கை காட்டியதை நான் பார்த்தேன். மேலே அந்த இடத்தை எழுதியபோது அதை விட்டுவிட்டேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"அந்தப் பையன் யாரு?" என்றேன்.

"எங்க இருக்கேன்னுதான் கேக்கக்கூடாதுன்னு சொன்னேன். யாருன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அடுத்த நாள் பினாங்கில் எல்லோரும் இறங்கினோம். அவள் இறங்கவில்லை. பினாங்குத் தமிழர் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த உரையை மருமகளும் பேரனும் வெயிலில் நின்று கேட்டார்கள். நடுவில் போன் ஒலித்தது. குடும்பக் குழுவில் பேத்தியின் செய்தி: 'கட்டிலில் இருக்கிறேன்.' சற்று நேரத்தில், 'பாத்ரூமில் இருக்கிறேன்.' பிறகு, 'மறுபடி கட்டிலில். இடது பக்கம்.' பகல் முழுவதும் இப்படி வந்துகொண்டே இருந்தது. கட்டாரிலிருந்து மகன் கேட்டிருந்தான்: 'என்னம்மா, வயிறு சரியில்லையா?'

"போய் மன்னிப்புக் கேளுங்க" என்றாள் மனைவி. "ரெண்டு வார்த்தை போதும். கூடப் பேசிறாதீங்க."

இரண்டு வார்த்தையில் நிறுத்தத் தெரிந்தவனாக இருந்தால் நான் அதிபராகியிருக்க மாட்டேன். அன்று மாலை கப்பலின் அரங்கில், பாட விரும்புகிறவர்களை மேடைக்கு வரச் சொன்னார்கள். பேத்தி, அம்மாவின் வற்புறுத்தலுக்காக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் மேடையேறினேன். நேற்று காணாமல்போன பிள்ளையின் தாத்தா நான்தான் என்று தொடங்கினேன். அவள் காணாமல் போகவில்லை, நான் பொய் சொன்னேன், அவள் வயது பதினெட்டு என்றேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். லயத்துக்குப் போனேன், அப்பாவின் பெரட்டுக்குப் போனேன், முதியவர்களின் கடமைக்கு வந்தேன். பரிசளிப்பு விழாவில் பேசும் நீளத்துக்குப் பேசினேன். சொன்னது அத்தனையும் உண்மை, கண்ணில் வந்த நீரும் உண்மை. சனம் எழுந்து நின்று கைதட்டியது. யாரோ மேடை விளக்கைத் திருப்பி அவள் முகத்தில் அடித்தார்கள்.

அதற்குப் பிறகு கப்பலில் நான் பிரபலமானேன். என்னோடு நின்று படம் எடுத்தார்கள். நான் சிரித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத பெண்கள் பேத்தியின் கன்னத்தைத் தட்டி, "இப்படி ஒரு தாத்தா கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்றார்கள். சீட்டு விளையாடியவர்கள் பக்கம் அவள் மறுபடி போகவில்லை.

அறைக்குப் போகும் நடையில் என்னை நிறுத்தினாள்.

"மன்னிப்புக் கேட்டது என்கிட்டயா தாத்தா, கப்பல்கிட்டயா?"

"உன்கிட்டதான்."

"நான் பின்னால ஒக்காந்திருந்தேன். நீங்க ஒரு தடவகூட அந்தப் பக்கம் பாக்கல."

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து, சமையலறையில் அவள் தனியாக நின்றபோது, மனைவி சொன்ன அந்த இரண்டு வார்த்தையை மட்டும் சொன்னேன். "சரி தாத்தா" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். சரி என்பதற்கு என்ன பொருள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அவள் கிழக்குப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கப்பலில் மீறிய வாக்கைத் தரையிலாவது காப்பாற்றுவது என்று நான் தீர்மானித்தேன். அதில் உள்ள கஷ்டம் முதல் அழைப்பிலேயே தெரிந்தது. போனில் நாங்கள் எல்லோரும் பேச்சைத் தொடங்குவதே எங்கே இருக்கிறாய் என்றுதான். அதை எடுத்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது சாப்பிட்டாயா என்பது ஒன்றுதான். சாப்பிட்டேன் என்பாள். பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

"தாத்தாவுக்கு இன்னும் என்மேல கோபமான்னு கேக்குறா" என்றாள் மனைவி ஒரு நாள். "ஒண்ணுமே விசாரிக்கமாட்டேங்கிறீங்களாம்."

"வாக்குக் குடுத்திருக்கேன்ல?"

"அது கப்பலுக்குக் குடுத்த வாக்கு. கப்பல் போயிருச்சு. அன்னைக்கு வாக்கக் காப்பாத்தின மனுசன் மாதிரி இன்னைக்கு நிக்கிறீங்க."

நான் அசையவில்லை. போன வாரம் பேத்தி அழைத்தாள்.

"தாத்தா, நாங்க கொஞ்சப் பேர் ஒரு எடத்துக்குப் போறோம். மூணு நாளைக்கு சிக்னல் கிடைக்காது."

"சரிம்மா. கவனமா போயிட்டு வா."

அவள் வைக்கவில்லை. பின்னால் ஏதோ பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"வேற ஒண்ணும் இல்லையா தாத்தா?"

"இல்லம்மா."

"ம். சரி, வைக்கிறேன்."

மனைவி பக்கத்தில் சுளகோடு உட்கார்ந்து பயற்றில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போறாளாம்?" என்றேன்.

"ஏன், இப்பதான பேசினீங்க?"

"உனக்குத் தெரியுமா?"

"காலையிலயே சொல்லிட்டா. யாரு யாரு போறாங்கன்னும் சொல்லிட்டா" என்றாள். சுளகை இரண்டு தட்டுத் தட்டி, எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.