கதவை உதைத்துத் திறந்த சவரிமுத்து

சவரிமுத்து அண்ணனைக் கொன்றது தேயிலைத் தோட்ட நிர்வாகம். வானொலியில் மழை என்று சொன்னார்கள். மழையை யாரும் விசாரணைக்குக் கூப்பிட முடியாது என்பதால் அப்படிச் சொல்வது எல்லோருக்கும் வசதி.

நுவரெலியா சந்தையில் லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவில் நின்றபோது எனக்கு அழைப்பு வந்தது. வரிசை அறைகளான லயத்தில் அவருக்குப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் முத்துலெச்சுமி அக்கா பேசினார். "லயத்துக்குப் பின்னால மேடு எறங்கிருச்சு தம்பி. சவரி உள்ள படுத்திருந்தான்" என்றார். அண்ணன் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிப் படுத்தவர். அவர் மனைவி தெரேசா அக்காவும் பிள்ளைகளும் மாதா கோயிலுக்குக் கரோல் பாடிப் பழகப் போயிருந்தார்கள். அதனால் அவர்கள் இருக்கிறார்கள்.

வட்டகொடைப் பக்கத்தில் அவரை அறிந்த உங்களுக்கு அவர் ஒரு சிரிப்புக்காரர். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் லீவு. நத்தார் நாளில் கடையில் கூட்டம் நெரியும், முதலாளி விடமாட்டார். பிள்ளைகள் நத்தாருக்கு உடுத்திய சட்டைகளைப் பெரும்பாலும் அவர் போட்டோவில்தான் பார்த்தார். "விட்டுப்போன கிறிஸ்மஸையெல்லாம் ஒரே மூச்சா கொண்டாடணும்டா" என்று சொல்லித்தான் கைப்பேசியில் ஒரு சிரிப்புப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டார்.

கதை எளிமையானது. ஒரு தகப்பன் நத்தாருக்கு ஒரு நாள் லீவில் வீட்டுக்கு வருகிறான். மறுநாள் கண் விழித்தால் மறுபடியும் நத்தார். அதற்கு மறுநாளும் நத்தார். முதலில் ஆனந்தம். பிறகு அதே கேக், அதே மாமியார், "இந்த வருசமாச்சும் கூரையப் பாக்கலாம்ல மாப்ள" என்ற அதே கேள்வி. குழம்புக்கு வைத்த கோழி தினமும் உயிரோடு எழுந்து ஓடுகிறது. தகப்பனாக அவர், மனைவியாகத் தெரேசா அக்கா, மாமியாராக முத்துலெச்சுமி அக்கா. கோழியும் முத்துலெச்சுமி அக்காவுடையதுதான். படம் முடிவதற்குள் அது முட்டையிடுவதையே மறந்துவிடும் என்று திட்டிக்கொண்டே நடித்தார்.

கதையில் ஒரே நாள். அவருக்கு மாதம் ஒரு லீவு என்பதால் எடுக்க எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. ஒவ்வொரு முறையும் அதே பனியன், அதே காகித நட்சத்திரம், புதிதாக வெட்டி வந்த சைப்ரஸ் கிளை. எல்லாவற்றையும் அப்படியே வைத்தோம். சுவரை மட்டும் வைக்க முடியவில்லை. முதல் மாதம் கட்டிலுக்கு மேலே தலைமுடி போல ஒரு கோடு. தெரேசா அக்கா அதன்மேல் சிவப்புக் காகிதம் ஒட்டினார். சில மாதங்களில் காகிதம் நடுவில் கிழிந்தது. மழை தொடங்கியபோது நிலை சாய்ந்து கதவு இறுகிவிட்டது. தகப்பன் காலையில் எழுந்து கதவைத் திறக்க வேண்டிய காட்சி. இழுத்தார், வரவில்லை. கோபத்தில் ஓர் உதை விட்டார், திறந்தது. "இது நல்லாருக்கு, வச்சுக்க" என்றார்.

போன நத்தாருக்கு முந்திய அவருடைய லீவு ஞாயிறில் கோயில் மண்டபத்தில் திரையிட்டோம். அதிகம் சிரிப்பு வந்தது அந்த உதைக்குத்தான். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்: "ஏம்பா சவரி, எல்லாம் ஒரே நாளுங்குற, செவுருக்கு மட்டும் வயசாகுதே?"

"அதுக்கு மட்டும் யாரும் லீவு குடுக்கல மாமா" என்றார் அண்ணன். மண்டபம் அதிர்ந்தது. அவரும் சிரித்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கைப்பேசியை வாங்கி, முதல் காலையின் சுவரையும் கடைசிக் காலையின் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அன்றைக்கு அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

லயத்துக்கு மேலே ஒரு வடிகால் கான் வெட்டினால் மலைத் தண்ணீர் விலகிப் போகும். தானே வெட்டுகிறேன், அனுமதி மட்டும் போதும் என்று கண்டாக்கிடம் படத்தோடு போனார். நானும் கூடப் போனேன். தோட்ட வேலைகளைப் பார்க்கும் அந்தக் கண்டாக்கு, படம் முழுவதையும் நின்றபடியே பார்த்தார். கோழிக்குச் சிரித்தார், உதைக்குச் சிரித்தார், தனக்கும் அனுப்பச் சொன்னார். கானைப் பற்றிக் கேட்டதற்கு, அந்த இடத்தில் ஒரு வரிசைத் தேயிலையைப் பிடுங்க வேண்டிவரும், செடியில் கை வைக்காதே என்றார். படம் தோட்டத்தை நடத்தும் தொரையின் பங்களாவுக்கும் போனது. அங்கிருந்து ஒரு கேக் வந்தது. குடும்பத்தோடு பார்த்து ரசித்தார்களாம்.

கேக்கை வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு அண்ணன் சொன்னார்: "சிரிப்புப் படத்தக் காட்டுனா சிரிக்கத்தானடா செய்வாங்க. நான்தான் நல்லா நடிச்சுத் தொலைச்சிட்டேன்."

வேறு இடத்துக்குப் போயிருக்கலாமே என்று துக்க வீட்டில் ஒருவர் கேட்டார். எங்கே? இருநூறு வருடம் இந்த மலையைத் தேயிலையாக்கிய சனத்துக்கு ஒரு தகரம் மாற்றவும் தொரையிடம் கேட்க வேண்டும். செடிக்கு இருக்கிற நிலம் மனிதனுக்கு இல்லை.

என்னிடம் மீதமிருப்பவை படத்தில் சேராத துண்டுகள். ஒன்றில் அவர் காட்சிக்குக் காத்திருக்கிறார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோலச் சுவரில் உள்ளங்கையை வைத்திருக்கிறார். நான் எடுப்பதைக் கவனித்து, "எடு. சிரிப்பு இல்லாததையும் எடுத்து வையி" என்கிறார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறேன். இனி அதைத்தான் செய்யப்போகிறேன்.

அடக்கம் முடிந்து, லயத்துச் சனமெல்லாம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பாய் விரித்துக் கிடந்தது. மழை விட்டதும் தொரை வந்தார். இடியாத காம்பராக்களுக்கு எல்லோரும் திரும்பலாம், தெரேசாவுக்கும் கடைசிக் காம்பராவை ஒதுக்கியிருக்கிறோம் என்றார். அதே லயம், அதே மேடு. கான் இன்னும் இல்லை. தெரேசா அக்கா எழுந்து நின்று ஒன்று கேட்டார். கண்டாக்கு அதைச் சிங்களத்தில் சொல்ல வாயெடுத்தார். தேவையில்லை, தொரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அவர் ஜீப்பில் ஏறிப் போனார். அக்கா கேட்டது இதுதான்:

"நாங்க போறோங்க ஐயா. மொதல்ல நீங்க ஒங்க புள்ளைகளக் கூட்டியாந்து, மழை பெய்யிற அன்னைக்கு அந்தக் காம்பராவுல ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சுக் காட்டுங்க."