பலகைக்கு இந்தப் பக்கம்

வளைகுடாவில், ரோலா பகுதியில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில், பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். நேற்று விருந்தாளிகள் வருமுன் அந்த மனிதர் மனைவியிடம், "உனக்குப் பேசத் தெரியாது, வெளியில வராத" என்றது தெளிவாகக் கேட்டது. எனக்குக் காது சுட்டது.

குமரி மாவட்டத்தில், தோப்புக்கு நடுவே இருந்த எங்கள் வீட்டுக்குக் கல்சுவரே கிடையாது. பலாமரத் தூண்களுக்கு நடுவே பலகைகளைச் செருகி அறைகளை அடைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் பலகைகள் ஊறி ஒட்டிக்கொள்ளும். பங்குனி வெயிலில் சுருங்கி இடைவெளி விடும்.

அப்படியொரு வெயில் நாளில்தான் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். அத்தையின் கழுத்தில் தீக்காயத் தழும்பு உண்டு. நான் முன்னறையில் விருந்தாளிகளோடு இருந்தேன். உள்ளறையில் அப்பா அம்மாவிடம், "கழுத்த மூடிக்கச் சொல்லு. வெளிச்சத்துல நிக்க விடாத. இந்த எடமும் போச்சுன்னா காலமெல்லாம் நாந்தான் இவளச் சுமக்கணும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

முன்னறையில் பேச்சு நின்றது. மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அத்தை அடுக்களையிலிருந்து காபியோடு வந்தாள். கொண்டையை உயர்த்திக் கட்டியிருந்தாள். நேராக வாசல் வெளிச்சத்தில் போய் நின்றாள்.

"நல்லா பாத்துக்கிடுங்க. அண்ணன் சொன்னது உங்களுக்கும் கேட்டிருக்கும்லா."

அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு பதிலே வரவில்லை. அப்பா இருட்டும்வரை உள்ளறையை விட்டு வரவில்லை. அத்தைதான் கதவைத் தட்டி, "சாப்பிட வாங்கண்ணே" என்று கூப்பிட்டாள். அப்பா வந்து உட்கார்ந்தார். அவள் பரிமாறி முடிக்கும்வரை அவர் தலை நிமிரவே இல்லை.